கைத்தாங்கல் கம்பு: ஈசலில் வரைவோர் வீட்டுப் பொருள்களைக் கொண்டே செய்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

முகச்சித்திரம் ஒன்றை மூன்று வாரம் தீட்டி முடித்துவிட்டு, கடைசியில் கருவிழியின் ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்றை வைக்கப் போகும்போதுதான் கை நடுங்கும். சேலையையும் பின்சுவரையும் பெரிய தட்டைத் தூரிகையால் வாரி இழைத்தபோது தெரியாத நடுக்கம், இரண்டாம் எண் தூரிகையை எடுத்த மாத்திரத்தில் எங்கிருந்தோ வந்து அதன் முனையில் உட்கார்ந்துகொள்ளும். நாற்பதைக் கடந்தவர்கள் இதை வயதின் கோளாறு என்றும், இளையவர்கள் பயிற்சிக் குறைவு என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், நல்ல உடல்நலத்தோடு இருக்கும் எவருடைய கையும் நீட்டிப் பிடித்தால் நொடிக்கு 8 முதல் 12 முறை மிக நுண்ணிதாக அதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. களைப்பும் பதற்றமும் காலையில் குடித்த இரண்டாவது காபியும் அந்த அதிர்வைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கிக் காட்டுகின்றன.

இதோடு எடையும் சேர்ந்துகொள்கிறது. தோள் முதல் விரல் வரை ஒரு கையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஈசல் என்னும் ஓவியத் தாங்கியின் முன் கையை அந்தரத்தில் நீட்டி நிற்கும்போது, 3 கிலோ அரிசிப் பையைத் தோளில் மாட்டித் தூக்கிக்கொண்டு, அதே கையால் இமைமயிரையும் வரைய முயல்கிறார். இந்த வழிகாட்டியில் வரும் கருவிகள் யாவும் தோளின் அந்தச் சுமையை வாங்கி வேறொன்றின் மேல் இறக்கி வைப்பவையே. கையை இறுக்கி அடக்குவதற்கென்று அவற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நடுக்கம் கூடவே செய்யும். கம்பைக் கைவிட்டுப் போன பலருக்கும் நேர்ந்தது அதுதான்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் கடைப்பலகை எழுதிக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சி. பிளெக்ஸ் அச்சு வருவதற்கு முந்தைய காலம் அது. தகரத்தில் எனாமல் பெயின்டால் எழுத்துப் போட்டு, ஓரத்துக்கு நிழல்கோடு இழுப்பது அவருடைய தொழில். விடுமுறைகளில் எடுபிடியாகப் போன நான், நூல் அடித்த கோட்டின் மேல் தூரிகையை வைக்கத் தெரியாமல் விழித்தபோது, அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “லே, கைய என்னத்துக்கு அந்தரத்துல தொங்கப் போட்டிருக்க? கம்பு மேல சாத்துலே.” அவர் கையில் இருந்தது ஒரு மூங்கில் கம்பு, முனையில் பழைய வேட்டித்துணி உருண்டையாகச் சுற்றப்பட்டிருந்தது.

அதே கம்பு உலகின் மறுகோடியிலும் உண்டு என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். காத்தரினா வான் ஹெமெசென் என்னும் பெண் ஓவியர் 1548-இல் தம்மைத் தாமே ஈசல் முன் தீட்டிக்கொண்ட படத்தில் அந்தக் கம்பு இருக்கிறது. டச்சு ஓவியர் வெர்மேர், தம் ஓவிய அறையில் முதுகு காட்டி அமர்ந்து வரையும் ஓவியர் ஒருவரைத் தீட்டிய படத்திலும் கை அதன் மேல்தான் சாய்ந்திருக்கிறது. டச்சு மொழியில் அதற்குத் ‘தீட்டும் கம்பு’ என்ற பொருளில் மால்ஸ்டோக் என்று பெயர். கலைப்பொருள் கடைகளில் மால்ஸ்டிக் என்று கேட்டால் கொடுப்பார்கள். நான் இதைக் கைத்தாங்கல் கம்பு என்று எழுதுகிறேன். முதியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவது என்கிறோமே, இந்தக் கம்பு ஓவியனின் கைக்குச் செய்வதும் அதேதான்.

கம்புக்கு முன் ஈசலைப் பாருங்கள்

ஈசல் என்றதும் நம் ஊரில் மழைக்கு மறுநாள் விளக்கைச் சுற்றிப் பறப்பதுதான் நினைவுக்கு வரும் என்றாலும், ஓவியத்தைத் தாங்கும் சட்டத்துக்கும் வேறு பெயர் நம்மிடம் ஊன்றவில்லை. டச்சு மொழியில் கழுதைக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது அது. சுமக்கிறது என்பதனால் வைத்திருக்கிறார்கள். அந்தக் கழுதையே கால் நடுங்க நின்றால் எந்தக் கம்பாலும் பயனில்லை.

முதல் படியாக, கேன்வாஸை ஈசலில் ஏற்றி, அதன் நான்கு மூலைகளையும் ஒரு விரலால் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். மேல் மூலையைத் தொடும்போது கீழ் மூலை ஆடினால், மேல் பிடிப்பான் இறங்கி இறுகவில்லை என்று பொருள். மூன்று கால்களில் ஒன்று தரையில் ஊன்றாமல் நின்றால், அட்டையை மடித்துக் கொடுப்பதைவிடச் சைக்கிள் டியூப்பின் துண்டு ஒன்றை அடியில் வைப்பது நல்லது. அது வழுக்கலையும் நிறுத்தும். வெளியில் வரைபவர்களுக்குக் காற்று தனிச்சிக்கல். ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைப் படித்துறையில் ஈசலை நிறுத்தினால், மேற்கேயிருந்து வரும் காற்று கேன்வாஸைப் பாய்மரமாக்கிவிடும். அங்கே நான் முதல் தடவை வரைந்தபோது, என் கைதான் நடுங்குகிறது என்று அரை மணி நேரம் என்னையே நொந்துகொண்டு, பிறகுதான் ஈசல் துடிப்பதைக் கண்டேன். துணிப்பை ஒன்றில் ஆற்றங்கரைக் கற்களை நிரப்பி, ஈசலின் நடுத்தண்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும்படி கட்டிவிட்டால் அந்தத் துடிப்பு அடங்கும். பை தரையைத் தொட்டுவிட்டால் அதன் எடை ஈசலுக்கு வராது.

அடுத்து உயரம். வரையப் போகும் பகுதி உங்கள் மார்புக்கும் கண்ணுக்கும் இடையில் வரும்படி கேன்வாஸை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். தோளுக்கு மேலே கையைத் தூக்கி நுண்வேலை செய்கிறவர் யாராயினும் பத்து நிமிடத்தில் கை தளர்வார். பலர் கேன்வாஸை ஒரே உயரத்தில் வைத்துவிட்டு, தாங்கள் குனிந்தும் எம்பியும் வரைகிறார்கள். ஈசலில் திருகு இருப்பது அதற்காகத்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கருவி எதுவும் இல்லாத நேரத்துக்கு

கம்பு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வண்ணம் காய்ந்த கேன்வாஸில் சுண்டுவிரலை நீட்டி அதன் நகப்பக்கத்தை ஊன்றிக்கொண்டு மற்ற விரல்களால் தீட்டுவது முதல் வழி. இடது கையை முட்டியாக மடக்கிக் காய்ந்த இடத்தில் வைத்து, அதன் மேல் வலது மணிக்கட்டைச் சாய்ப்பது இரண்டாவது. கடைப்பலகை எழுதுகிறவர்கள் கம்பு இல்லாத நேரத்தில் செய்வது இதுவே. படம் முழுவதும் ஈரமாக இருந்தால் இவ்விரண்டும் உதவா. அப்போது இடது கையால் வலது மணிக்கட்டை அடியிலிருந்து ஏந்திக்கொண்டு, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிவைத்து வரையலாம். தூரிகை சென்றடையும் தூரம் குறையும். ஆனால் ஒரு புள்ளி வைப்பதற்கு அது போதும்.

கம்பைத் தேர்ந்தெடுத்தல்

நீளத்துக்கு எளிய கணக்கு உண்டு: கேன்வாஸின் அகலத்தோடு ஒரு சாணைக் கூட்டிக்கொள்ளுங்கள். 12 × 16 அங்குலக் கேன்வாஸுக்கு 2 அடிக் கம்பு தாராளம். 24 × 30 அளவுக்கு 3 அடி, அதாவது ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் வேண்டும். 4 அடியைத் தாண்டினால் கம்பே ஆடத் தொடங்கிவிடும். பெரிய படங்களுக்கு வேறு ஏற்பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தக் கம்பாயினும் எடுத்தவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு நாற்காலிகளின் மேல் அதன் இரு முனைகளையும் வைத்து, நடுவில் 2 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடுங்கள். முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து கம்பின் மேல் இறக்கும் சுமை அந்த அளவுக்குள்தான் இருக்கும். நடுப்பகுதி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொய்ந்தால் அந்தக் கம்பு ஆகாது. மின்கம்பி செலுத்தும் முக்கால் அங்குல பிவிசி குழாய் பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றும். 3 அடி நீளத்தில் இந்தச் சோதனையில் அது ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தொய்ந்து நிற்கும். அதே பருமனுள்ள அலுமினியக் குழாய் வளைந்தது தெரியவே தெரியாது. பழைய திரைச்சீலைக் குழாய் வீட்டில் கிடந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

மூங்கில்தான் என் விருப்பம். கையில் கனக்காது, பிடிக்க இதமாக இருக்கும், உடைந்தாலும் மனம் வலிக்காது. ஏணியும் பந்தல் சாமானும் விற்கும் கடைகளில் கேட்டால் கழிவுத் துண்டுகளாகவே கிடைக்கும். சுண்டுவிரல் பருமனுக்குச் சற்றுக் கூடுதலாக, 15 முதல் 18 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ளதாகவும், பச்சை நிறம் முற்றிலும் போய் மஞ்சளித்ததாகவும், கணுக்கள் நெருங்கி இருப்பதாகவும் பார்த்து எடுங்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். பச்சை மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. அதைத் தேடி வண்டு துளைத்து, ஒரு வருடத்துக்குள் அடியில் மாவு கொட்டத் தொடங்கிவிடும். பச்சையாகவே கிடைத்திருந்தால், இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் மூழ்கப் போட்டு, பிறகு நிழலில் நன்றாக உலரவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் சத்து கரைந்து போவதால் வண்டின் ஆசை குறையும்.

நம் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை என்பதால் பனைமட்டையில் செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கருக்கைச் செதுக்கிவிட்டாலும் காய்ந்தபின் மட்டை முறுக்கிக்கொள்ளும். கூரைக்குப் போடும் பனங்கையிலிருந்து சீவிய சட்டம் இரும்பைப் போல் நிற்கும். ஆனால் அதன் கறுப்பு நார் எழுந்து கையில் சிலாம்பாக ஏறினால் ஊசி கொண்டு எடுப்பதற்குள் அன்றைய வேலை கெட்டுவிடும். சவுக்குக் கம்பு உறுதியானது, சற்றே கனமானது. கிரிக்கெட் ஸ்டம்ப் 28 அங்குல நீளமும் நல்ல கனமும் உடையது. சிறு கேன்வாஸுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். மீன்தூண்டில் கம்பும் பிரம்பும் வளைவதற்கென்றே பிறந்தவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

உள்ளுக்குள் நீண்டு சுருங்கும் ஒட்டடைக் கம்பைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. ஒரு பெரியவரின் முகத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அப்படிப்பட்ட கம்பு ஒன்றை அவசரத்துக்கு எடுத்தேன். மீசையின் கடைசி மயிரில் இருக்கும்போது உள்குழாய் சரேலென்று சுருங்கியது. காதுவரை பழுப்பு நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. உடனே டர்பன்டைன் தொட்ட துணியால் ஒற்றி எடுத்ததால் படம் பிழைத்தது. வேறு வழி இல்லாமல் அதைத்தான் பயன்படுத்த வேண்டுமானால், இணைப்பின் மேல் இன்சுலேஷன் டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

இழைத்தலும் எண்ணெய் பூசுதலும்

மூங்கிலின் கணுக்களைக் கத்தியால் சீவாமல் அரத்தால் ராவுங்கள். கத்தி நாரைப் பிய்த்துக்கொண்டு போகும். பிறகு 80, 150, 220 என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். பழைய பனியன் துணியைக் கம்பின் மேல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே மறுபடியும் தேயுங்கள். மணிக்கட்டு இந்தக் கம்பின் மேல் ஆயிரம் முறை வழுக்கிச் செல்லப் போகிறது என்பதை நினைவில் வைத்தால், தேய்ப்பதில் அலுப்பு வராது.

ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாம் கை பூசுங்கள். துடைக்காமல் விட்டால் கம்பு பிசுபிசுத்து, கையில் ஒட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணியில் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெளியில் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

முனை உருண்டை

கம்பின் முனையில் உருண்டை இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: கேன்வாஸில் கீறல் விழாமல் காப்பது ஒன்று, கம்பை எந்தப் பக்கம் சாய்த்தாலும் முனை இடம் பெயராமல் உருண்டு கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தைக் கவனியாமல் கம்பின் முனையில் தட்டையாகத் துணி சுற்றிவிடுகிறவர்கள், கோடு பாதியில் தடுக்குகிறது என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

எளிதாகக் கிடைப்பது டென்னிஸ் பந்து. அதன் குறுக்களவு 6½ சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்; இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்ததைப் போன்றது. பந்தை ஒரு கிண்ணத்தில் அசையாமல் உட்காரவைத்து, கூரிய பிளேடால் ஒன்றரைச் சென்டிமீட்டர் நீளத்தில் கூட்டல் குறிபோல் இரண்டு கீறல் போடுங்கள். கம்பின் முனையில் பசை தடவி, பந்தின் எதிர்ச்சுவரைத் தொடும்வரை திருகிச் செலுத்துங்கள். பந்தின் வெளிப்புற மயிர் வண்ணத்தை உறிஞ்சும் என்பதால் அப்படியே பயன்படுத்த முடியாது. பலமுறை வெளுத்து நூல் உதிர்வது நின்றுபோன வெள்ளை வேட்டியிலிருந்து ஒரு முழச் சதுரம் வெட்டி, இரண்டாக மடித்துப் பந்தின் மேல் போர்த்தி, சுருக்கங்களையெல்லாம் கம்பின் பக்கமாக இழுத்து, பந்தின் கழுத்தில் கட்டுநூலைப் பத்துச் சுற்று இறுகச் சுற்றி முடிச்சிடுங்கள். முடிச்சு கேன்வாஸைத் தொடாத பக்கம் இருக்க வேண்டும். காவித் துணியோ பூப்போட்ட துணியோ ஆகாது. டர்பன்டைன் பட்டால் அவற்றின் சாயம் இறங்கி, உங்கள் வானத்தில் இளஞ்சிவப்புத் திட்டு ஒன்று தோன்றும்.

பந்து இல்லையென்றால், அதே வேட்டியை இரண்டு விரல் அகல நாடாவாகக் கிழித்து, முனையில் குறுக்கும் நெடுக்குமாக நூற்கண்டு சுற்றுவதைப் போலச் சுற்றி எலுமிச்சை அளவுக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு சதுரத் துணியைப் போர்த்திக் கட்டலாம். நிரந்தரமாக ஒன்று வேண்டுமென்று விரும்புகிறவர்கள், அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் பட்டறையில் சொல்லி, துளையோடு கூடிய மர உருண்டை ஒன்றைக் கடைந்து வாங்கி, அதன் மேல் மெல்லிய தோலைக் கட்டிக்கொள்ளலாம். கைத்தடியின் அடியில் மாட்டும் ரப்பர் பூணும் கம்புக்குப் பொருந்தும். ஆனால் அதன் முகம் சிறியது என்பதால், மரச்சட்டத்தின் மேல் மட்டுமே ஊன்றலாம், வெறும் துணிப்பரப்பில் ஊன்றக் கூடாது.

பிடிக்கும் முறை

வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளவும். கம்பின் அடிமுனையை இடது கையில் வைத்துக்கொண்டு, உருண்டையைக் கேன்வாஸின் வலது ஓரத்தில், பின்னால் மரச்சட்டம் ஓடும் இரண்டு அங்குலப் பட்டையின் மேல் சாத்துங்கள். நடுவில் சாத்தினால் துணி அமுங்கிப் பள்ளம் விழும். ஓரமும் ஈரமாக இருந்தால் கேன்வாஸுக்கு வெளியே, ஈசலின் தண்டின் மேலோ பின்பலகையின் மேலோ உருண்டையை வையுங்கள். இப்போது கம்பு உங்கள் முன்னால் சற்றுச் சாய்வாக, வரையும் இடத்துக்குக் கீழே செல்லும். இடது கை கேன்வாஸிலிருந்து ஒரு சாண் விலகி நிற்க வேண்டும்.

வலது கையை இதன் மேல் வைக்கும் இடம்தான் முக்கியம். மணிக்கட்டு எலும்பு கம்பில் படக் கூடாது. ஐந்து நிமிடத்தில் வலிக்கும். உள்ளங்கையின் அடிமேடு, அதாவது சப்பாத்தி மாவை அழுத்தும் அந்தத் தடித்த பகுதி, கம்பின் மேல் உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் தோளைக் கீழே விடுங்கள். பெரும்பாலோர் கையைக் கம்பின் மேல் வைத்துவிட்டுத் தோளைத் தூக்கியபடியே வைத்திருப்பார்கள். அப்படி நின்றால் கம்பு வெறும் அலங்காரம். தோள் இறங்கியதா என்று அறிய, இடது கையிடம் கேளுங்கள்: கம்பு சட்டென்று கனத்ததுபோல் அதற்குத் தெரிந்தால் சுமை மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

பழகுவதற்கு, பழைய செய்தித்தாளை அட்டையில் குத்தி ஈசலில் வையுங்கள். விரல்களை மட்டும் அசைத்து அரை அங்குல இடைவெளியில் இருபது குறுங்கோடுகள் போடுங்கள். பிறகு வலது கையைக் கம்பின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, இடது கையால் கம்பை மெல்ல ஏற்றி இறக்கி இன்னும் இருபது கோடுகள் போடுங்கள். இரண்டாம் வகைதான் இந்தக் கருவியின் உயிர்நிலை. வலது கை பிடித்துக்கொண்டு மட்டும் இருக்க, தூரிகையை நடத்திச் செல்வது இடது கையாகிவிடும். அண்ணாச்சி ‘ழ’வின் சுழியை அப்படித்தான் போடுவார். தூரிகை பிடித்த கை சிலைபோல் இருக்கும். கம்பு மட்டும் படகின் துடுப்பைப் போல வளைந்து திரும்பும்.

வண்ணத்தட்டையும் இடது கையிலேயே வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பெருவிரலில் தட்டை மாட்டி, மற்ற விரல்களால் அதன் அடியில் கம்பைப் பிடிப்பார்கள். தொடக்கத்தில் அதற்கு ஆசைப்படாதீர்கள். தட்டைப் பக்கத்து முக்காலியில் வையுங்கள்.

இனி அந்தக் கருவிழிப் புள்ளி. வெள்ளையை ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தயிர்ப் பதத்துக்கு இளக்குங்கள். கெட்டியான வண்ணத்தை வைக்க அழுத்தம் வேண்டும், அழுத்தினால் நடுங்கும். தூரிகையின் முனையில் மட்டும் எடுங்கள். கையைக் கம்பில் அமர்த்தி, தூரிகை முனையைப் புள்ளி விழ வேண்டிய இடத்துக்கு நேராக, அரிசி மணி அளவு தூரத்தில் நிறுத்துங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், மெல்ல வெளியே விடுங்கள். மூச்சு முடியும் தறுவாயில் இடது கை கம்பைக் கேன்வாஸை நோக்கி ஒரு நூல் சாய்க்கட்டும். தூரிகை தொடும், உடனே மீண்டுவிடும். வலது கை எதுவும் செய்யவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் சரியாகச் செய்துவிட்டீர்கள். கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டருக்குத் தீட்டிய சாமி படங்களில், நகையின் ஒவ்வொரு முத்துக்கும் இப்படி ஓர் ஒளிப்புள்ளி இருக்கக் காணலாம். ஓர் ஆரத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிப் பார்த்தால் கைக்கு ஓய்வு ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

நேர்கோடு இழுக்க

திருநெல்வேலியில் தாமிரபரணியின் மேல் செல்லும் சுலோச்சன முதலியார் பாலத்தை வரைகிறவர்களுக்கு அதன் கைப்பிடிச் சுவர் பெருஞ்சோதனை. 1843-இல் கட்டிய பாலம், கோடு கோணினால் நேற்றுப் பெய்த வெள்ளத்தில் சாய்ந்ததுபோல் தோன்றும். உருண்டையை வலது ஓரத்தில் ஊன்றி, கம்பைக் கோட்டுக்கு இணையாக, அதற்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள். தூரிகையின் உலோகக் கழுத்தைக் கம்பின் மேல் சாத்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் கம்பைத் தொட்டபடி, இடமிருந்து வலமாகக் கையை மொத்தமாக வழுக்கிச் செல்லுங்கள். கண் தூரிகையைப் பார்க்கக் கூடாது. கோடு போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். மயிர் நீண்ட லைனர் தூரிகையும், மை போல் ஓடும் வண்ணமும் இருந்தால் ஒரு முழக் கோடு ஒரே மூச்சில் வரும். இடையில் வண்ணம் தீர்ந்தால் நிறுத்திய இடத்திலிருந்து தொடராமல், ஓர் அங்குலம் பின்னால் போய்க் கோட்டின் மேலேயே தூரிகையை இறக்குங்கள்.

கொக்கி வைத்த கம்பு

படம் முழுவதும் ஈரமாக இருக்கும்போது உருண்டைக்கு இடமில்லை. அப்போது உதவுவது, தாத்தாக்கள் பிடித்த வளைகைப்பிடிக் குடையும் அதே வளைவுள்ள கைத்தடியும். வளைவைக் கேன்வாஸின் மேல்விளிம்பில் மாட்டித் தொங்கவிட்டால் கம்பு படத்துக்கு முன்னால் நெட்டுக்குத்தாக இறங்கும். கீழ்முனையை இடது கையால் முன்னுக்கு இழுத்துப் பிடித்து, வலது கையைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொள்ள வேண்டும். குடையாக இருந்தால் துணியை இறுகச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே படத்தைத் துடைத்துவிடும். மேல்விளிம்பு வழுக்கினால் வளைவின் உட்புறத்தில் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டிக்கொள்ளலாம்.

பெரிய படத்துக்குக் குறுக்குத்தண்டு

இடது கையும் விடுதலையாக வேண்டும் என்போருக்கும், 3 அடியைத் தாண்டிய படங்களுக்கும் இதுவே சிறந்தது. கேன்வாஸைவிட நான்கு பக்கமும் ஒரு சாண் பெரிதான பிளைவுட் பலகையை ஈசலில் ஏற்றி, அதன் மேல் கேன்வாஸை வையுங்கள். இரண்டுக்கு ஓர் அங்குல ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், இரண்டை வாங்கி, குறுகிய பக்கம் பலகையில் படும்படி, கேன்வாஸின் இருபுறமும் செங்குத்தாக நிறுத்தித் திருகாணியால் பின்னாலிருந்து முடுக்குங்கள். ரீப்பர் 5 சென்டிமீட்டர் முன்னே நிற்கும்; கேன்வாஸின் கனம் 2 சென்டிமீட்டர் என்றால், தண்டுக்கும் படத்துக்கும் இடையே 3 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். ரீப்பரின் முன்முகத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஆணிகளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து அடித்து, தலையை வெளியே விட்டுவையுங்கள். இரு பக்கத்து ஆணிகளும் ஒரே மட்டத்தில் அமைய, முதலில் நூல் அடித்துக் குறித்துக்கொள்வது அவசியம். இந்த ஆணிகளின் மேல் அலுமினியக் குழாயைக் குறுக்காக வைத்தால் வேலை முடிந்தது. ஈசல் சற்றே பின்சாய்ந்திருப்பதால் குழாய் தானாகவே ரீப்பரோடு ஒட்டி நிற்கும். வேலை நகர நகர அதை அடுத்த ஆணிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தோள்வலியுள்ள மூத்தவர்களுக்கு இதோடு ஒரு தொட்டிலும் கட்டித் தரலாம். ஈசலின் உச்சியில் ஒரு கட்டையை முன்னுக்கு நீட்டி முடுக்கி, அதிலிருந்து நான்கு விரல் அகல மெல்லிய துணியை வளையமாகத் தொங்கவிட்டு, முன்கையை அதில் நுழைத்துக்கொள்வது. அது ஆடும் என்பதால் நுண்வேலைக்கு அது மட்டும் போதாது. ஆனால் சுமை முழுவதையும் வாங்கிக்கொள்ளும். விரல்நுனி நிதானத்துக்குக் குறுக்குத்தண்டு, எடைக்குத் தொட்டில் என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டால் ஒரு மணி நேரம் அசதியில்லாமல் வரையலாம்.

மேசையில் படுக்கவைத்து வரைகிறவர்களுக்குப் பாலம் போதும்: ஒன்றரை அடி மரப்பட்டையின் இரு முனைகளிலும் 3 சென்டிமீட்டர் உயரக் கட்டைகளை ஒட்டி, படத்தின் குறுக்கே வைத்து, அதன் மேல் கையை ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது மருத்துவரிடம் போவது

கையைச் சாய்த்தபின்னும் நிற்காத நடுக்கமும், மடியில் சும்மா கிடக்கும்போதே ஆடும் கையும், ஒரு பக்கம் மட்டும் புதிதாகத் தொடங்கிய நடுக்கமும் கம்பால் தீர்பவை அல்ல. தைராய்டு மிகுதியாலும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புட்டமால் போன்ற மருந்துகளாலும் கை நடுங்குவதுண்டு. மருந்தை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த வேலையில், எவ்வளவு நேரத்துக்குப் பின் நடுங்குகிறது என்பதை ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனால் அவருக்கு உதவியாக இருக்கும்.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் உருண்டையை வெள்ளைத்தாளில் ஒருமுறை உருட்டிப் பாருங்கள். தாளில் நிறம் பட்டால் மேல்துணியை அவிழ்த்து மாற்றுங்கள். துவைத்துக் கட்டுவதைவிடப் புதுத்துணி நல்லது, துவைத்ததில் சோப்பும் எண்ணெயும் தங்கும். கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் மூங்கில் நாளடைவில் அந்தச் சாய்வுக்கே வளைந்துவிடும். அடிமுனையில் ஒரு துளையிட்டு நூல் கோத்து, ஆணியில் நெட்டுக்குத்தாகத் தொங்கவிடுங்கள். உருண்டை கீழே இருக்கும். அதற்குப் பல்லியும் தூசும் வராமல் இருக்க ஒரு காகிதப்பையை மாட்டிவிடலாம்.